அம்மாவின் மடியில் இரண்டு பேர்

நான் ஆபிரிக்காவில் பிறந்தவள் என்று சொன்னால் வகுப்பில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நானே அரைகுறையாகத்தான் நம்பியிருந்தேன். இலங்கையிலிருந்து கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் அப்பாவையும் அம்மாவையும் மேற்கு ஆபிரிக்காவில் ஒரு சிற்றூரில் விட்டுவிட்டு மறைந்துபோனான்; அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் பிறந்தேன்; ஐந்து மாதம் கழித்து வேறொருவன் எங்களை ரொறன்ரோவுக்கு ஏற்றிவிட்டான். வீட்டில் இவ்வளவுதான் சொல்வார்கள். மேலே கேட்டால் அப்பா ரீவியின் சத்தத்தைக் கூட்டுவார்.

எனக்கு ஒன்பது வயதில், ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்து லிஃப்ட்டின் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஆபிரிக்க ஆஸ்பத்திரி ஒன்றைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் படம் காட்டுகிறார்களாம். அதிலிருந்த ஊர்ப்பெயரை அம்மா விரலால் தொட்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். லிஃப்ட் வந்து, திறந்து, மூடிப் போய்விட்டது. அம்மா அசையவில்லை.

ஞாயிறு அப்பா வேலைக்குப் போனதும் அம்மா நல்ல சேலை ஒன்றைக் கட்டி, மேலே விண்டர் ஜக்கெற்றையும் மாட்டிக்கொண்டு என்னை இழுத்துப் போனார். நாங்கள் சைவக்காரர். தேவாலயத்துக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கேக் தருவார்களா என்பது மட்டுமே என் கவலை.

வயதான வெள்ளைக்காரச் சிஸ்டர் ஒருவர் அந்த ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவராம். படம் படமாகக் காட்டினார். முதலில் தகரக் கூரை போட்ட ஒற்றை மண்கட்டடம். பிறகு ஒவ்வொரு வார்டாக எழும்பியது. நோயாளியைச் சைக்கிள் கரியரில் கட்டி நாள் முழுக்கத் தள்ளி வரும் ஆட்கள், மரத்தடியில் அடுப்பு மூட்டிச் சமைக்கும் சொந்தக்காரர், ஜெனரேற்றர் நின்றுபோய் ரோச் லைற் வெளிச்சத்தில் நடக்கும் ஒபரேசன்.

அடுத்த படத்தில் அம்மா இருந்தார்.

இரும்புக் கட்டிலில் சாய்ந்து, சேலைத்தலைப்பைப் போர்த்தியபடி, மெலிந்த இளம் அம்மா. ஒரு பக்கம் நான் பால் குடித்துக்கொண்டிருந்தேன். மறுபக்கம் அந்த ஊர்க் குழந்தை ஒன்று குடித்துக்கொண்டிருந்தது. அதைப் பெற்றவள் பிரசவத்திலேயே இறந்துவிட்டாள் என்றும், பால்மா கிடைக்காத நேரத்தில் இந்தச் சிலோன் பெண்தான் இரண்டு பேருக்கும் பால் கொடுத்தாள் என்றும் சிஸ்டர் சொன்னார். அந்தப் பெண் மூன்றாவது வரிசையில் இருப்பது அவருக்குத் தெரியாது. சனம் கைதட்டியது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என்னுடைய அம்மா, என்னுடைய பால், என்னிடம் ஒரு சொல் சொல்லாமல்.

படம் முடிந்ததும் அம்மா நேரே சிஸ்டரிடம் போனார். அடையாளம் பிடிபட்டதும் சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அம்மாவைக் கட்டிப்பிடித்தார். அம்மாவுக்காக ஆங்கிலம் பேசுவது எங்கேயும் என் வேலை. அம்மா என் பக்கம் திரும்பினார்.

"சின்னவன் எப்பிடி இருக்கிறான் எண்டு கேள்."

சின்னவன். எனக்கு ஒரு தம்பி இருப்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். திகைப்போடு கேட்டேன்.

சிஸ்டர் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நீங்கள் போய் இரண்டு மாதத்தில் மழை தொடங்கியது, அவனுக்கு வயிற்றோட்டம் பிடித்தது, எங்களால் காப்பாற்ற முடியவில்லை, இறந்துவிட்டான் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

 ஐந்து நிமிடத்துக்கு முன்னர்தான் அவன்மேல் எரிச்சல்பட்டிருந்தேன்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"நல்லா இருக்கிறானாம் அம்மா. பள்ளிக்கூடம் போறானாம்."

அம்மா என் முகத்தைப் பார்த்தபடியே நின்றார்.

"ஓம்," என்றார். "கெட்டிக்காரன்."

திரும்பி நடக்கையில்,  அம்மாவை நம்பவைத்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

வீட்டுக்கு வந்ததும் அம்மா குளியலறைக்குள் போய்த் தலையில் தண்ணீர் வார்த்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வேலையால் வந்த அப்பா, இந்தக் குளிருக்குள் ஏன் தலையில் வார்த்தாய் என்று ஏசினார். அம்மா ஈரத்தலையோடு, காலையில் சமைத்த கோழிக்கறியை மூடி வைத்துவிட்டு எனக்குப் பாணும் சம்பலும் தந்தார். கறி இருக்கும்போது எனக்கு ஏன் சம்பல் என்று நான் சிணுங்கினேன். சொந்தத்தில் ஒருவர் செத்த செய்தி வந்தால் தலைமுழுகி, மச்சமாமிசத்தை ஒதுக்கிவைப்பது எங்கள் வழக்கம் என்று அப்போது எனக்குத் தெரியாது.