கழிமுகத்துப் பால் மரம்

செல்லக்கிளியை ஊரில் வாய்க்காரி என்பார்கள். அவள் எதிரில் சொல்லத்தான் யாருக்கும் துணிச்சல் இல்லை. கயத்தாற்றுக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊரில் பிறந்து, அடுத்த தெருவிலேயே வன்னியபெருமாளுக்கு வாழ்க்கைப்பட்டவள். இருவருக்கும் விறகு வெட்டுதான் பிழைப்பு. அவன் கோடரியால் மரத்தைச் சாய்ப்பான். அவள் அரிவாளால் கிளை கழித்து, கட்டாகக் கட்டிச் சுமப்பாள். எந்த மரம், எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்பதையும் அவளே சொல்வாள். அவன் சிரித்துக்கொண்டே கேட்பான். பெண்டாட்டி பேச்சைக் கேட்கிறவன் என்று ஊர் கேலி செய்தது. ஊருக்கென்ன, வேறு வேலையா?

யுத்தம் வந்தது. கப்பலுக்கும் ரயிலுக்குமே நிலக்கரி போதவில்லை. தூத்துக்குடியில் விறகுக்கு ஏகக் கிராக்கி. கண்ட்ராக்டர்கள் வந்து உடைமரக் காட்டை மொட்டையடித்துவிட்டுப் போனார்கள். வெட்ட மரம் இல்லாத விறகுவெட்டி என்ன செய்வான்? நாற்பத்து மூன்றாம் வருஷம் பானையையும் கோடரியையும் தூக்கிக்கொண்டு இருவரும் புன்னக்காயலுக்குப் போனார்கள். ஆறு கடலில் விழும் இடத்தில், சேற்றில் வேரூன்றி நிற்கும் கண்டல் மரக் காடு. அங்கே வெட்டும் விறகைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோக அம்புரோஸ் என்ற வள்ளக்காரர் ஒத்துக்கொண்டார்.

முதல் நாளே அவர் சொன்னார்: "அண்ணாச்சி, கண்டல எவ்வளவு வேணும்னாலும் வெட்டுங்க. பால் வடியுத மரம் ஒண்ணு ஊடால நிக்கும். அதுல மட்டும் கைய வச்சிராதீங்க."

"இத எங்ககிட்டயா சொல்லுதீக?" என்று செல்லக்கிளி சிரித்தாள். "பால் மரத்த நாங்க வெட்டவே மாட்டோம்."

அம்புரோஸ் நிம்மதியாகப் போய்விட்டார். இந்த இடத்தில்தான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அது விஷம் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா? ஆனால் கடற்கரையில் நண்டு பிடிக்கிற குழந்தைக்கும் தெரிந்த சங்கதியை யார்தான் எடுத்துச் சொல்வார்கள்? அவளுக்கோ அந்த எச்சரிக்கை பக்தியாகக் கேட்டது. அவள் ஊரில் பால் மரம் என்றால் லட்சுமி. கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடக்கூடப் பால் மரக் கொப்பைத்தான் தேடுவார்கள். தெரியாமல் கோடரி பட்டுவிட்டால், வடிகிற பாலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, 'பொறுத்துக்கோ தாயே' என்று சொன்ன பிறகுதான் அடுத்த வேலை.

சில நாள் கழித்து அது நடந்தது. பின்னிக் கிடந்த கொப்புகளுக்குள் வன்னியபெருமாள் வீசிய கோடரி, கண்டலைத் தாண்டிப் பின்னால் நின்ற மரத்தில் இறங்கியது. வெள்ளை வெளேரென்று பால் வடிந்தது. அவன் கோடரியைப் பிடுங்கிக்கொண்டு நகரத்தான் பார்த்தான்.

"அப்படியே போறீகளே! தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிடுங்க" என்று, கட்டுக் கட்டிக்கொண்டிருந்த செல்லக்கிளி அதட்டினாள்.

அவன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் கண்ணைக் கசக்கினான். பிறகு சேற்றில் விழுந்து புரண்டு அலறினான்.

அம்புரோஸ்தான் வள்ளத்தில் போட்டுத் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வீக்கம் வடிந்தது, பார்வை திரும்பவில்லை. பகலா இரவா என்பது மட்டும் தெரிந்தது. அது தில்லை மரம், அதன் பால் கண்ணைப் பறிக்கும் என்று வருகிறவர் போகிறவரெல்லாம் விளக்கினார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

"அதப் போயி கண்ணுல வைக்கச் சொன்னது யாரு அண்ணாச்சி?" என்று அம்புரோஸ் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

செல்லக்கிளி வாயைத் திறப்பதற்குள் வன்னியபெருமாள் சொன்னான்: "நானாத்தான் வச்சேன்."

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அதே பதில்தான். செல்லக்கிளிக்குப் பேச்சு நின்றுபோயிற்று. புருஷன் கண் போன துக்கம் என்று ஊர் நினைத்தது. துக்கமா? துக்கத்தை அழுது தீர்க்கலாம். அவன் சொன்ன பொய் ஒவ்வொரு தடவையும் அவள் கன்னத்தில் அறைந்தது. அவன் நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருந்தால் அவளுக்குப் போன உயிர் திரும்பியிருக்கும்.

சோறு வேண்டுமே. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்து விறகுக்கடையில் உடைமர வேர்க்கட்டைகள் வந்து குவிந்திருந்தன. கோடரிக்கு மசியாத முண்டுகள். ஒருவர் இரும்பு ஆப்பை முண்டின் மேல் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடித்துப் பிளக்க வேண்டும். சம்மட்டி அடிக்கச் செல்லக்கிளி முன்வந்தாள். ஒரு பெண் ஓங்குகிற சம்மட்டிக்குக் கீழே கையை நீட்ட எந்த ஆளும் வரவில்லை. வன்னியபெருமாள் உட்கார்ந்தான். முண்டைத் தடவி வெடிப்பைக் கண்டுபிடித்து, ஆப்பை வைத்தான்.

"அடி."

அவள் ஓங்கினாள். சம்மட்டி பக்கத்து மண்ணில் விழுந்தது. மறுபடியும் ஓங்கினாள், மறுபடியும் மண். இது சரிப்படாது, வேறு ஆள் பார்க்கிறேன் என்று கடைக்காரர் முனகிக்கொண்டு உள்ளே போனார்.

அவள் சம்மட்டியைப் போட்டுவிட்டுக் கத்தினாள்: "என்னால முடியாது! நான் சொல்லித்தானே ஒத்துனீக? ஊரெல்லாம் ஏன் பொய் சொல்லுதீக? கண்ணக் கெடுத்தேன், இப்பக் கையையும் ஒடிக்கவா?"

வன்னியபெருமாள் ஆப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஆமா, நீதான் சொன்ன" என்றான். அத்தனை நாளில் முதல் தடவையாக. "எனக்குக் கோவமே இல்லன்னு நெனைக்காதளா. நெஞ்சு கெடந்து எரியுது. ஆனா அந்தப் பொய் ஒனக்காகச் சொன்னது இல்ல. நீ ஒடஞ்சு போயிட்டா எனக்கு யாரு இருக்கா? எனக்குன்னு இருக்கது ஒன் கை ஒண்ணுதான். அது நடுங்கக் கூடாது. அடி."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சம்மட்டியை எடுத்து ஓங்கினாள். அது தலைக்கு மேலே போன சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கும். ஆப்பைப் பிடித்திருந்த விரல்கள் அசையவில்லை.

அவள் அடித்தாள்.