முப்பத்தொன்று ஊர் திரும்பினார்

கடலாடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் நான் வேலைக்குச் சேர்ந்தது இரண்டாயிரத்து எட்டில். பரீட்சை ரிசல்ட் பார்த்துச் சொல்வது, பிரிண்ட் எடுப்பது, ரயில் டிக்கெட் போடுவது, இவ்வளவுதான் வேலை. கரண்ட் இருக்கும்போது ஆள் வராது. ஆள் வரும்போது கரண்ட் போய்விடும். ஆள் வராத மத்தியானங்களில்தான் நான் பட்டாளத்தில் சேர்ந்தேன்.

நிஜப் பட்டாளம் இல்லை. இணையத்தில் வாரம் ஒரு அத்தியாயமாக ஒரு தமிழ்த் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. இல்லாத நாட்டில், இல்லாத மலையடிவாரத்தில், பதினேழாம் பயிற்சிப் படை என்று ஒன்று. அங்கே சேர்கிறவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். அந்தக் கதைக்கென்று வாசகர்களே சேர்ந்து ஒரு விக்கி நடத்தினார்கள். கதையில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பக்கம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், அடுத்தவர் எழுதியதைத் திருத்தவும் செய்யலாம். அடுத்தவர் எழுதியதைத் திருத்தலாம் என்றதுமே எனக்குப் பிடித்துவிட்டது. வீட்டில் அந்தக் குணத்துக்காகத்தான் அத்தனை வருஷமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

அங்கே இருந்தது ஒரே சட்டம்: கதையில் இருப்பதைத்தான் எழுத வேண்டும், சொந்தச் சரக்கு கூடாது. படையில் காலைச் சங்கு முதலில் ஊதுவார்களா, விளக்கு முதலில் எரியுமா என்று டொரண்டோக்காரர் ஒருவரும் சிங்கப்பூர்க்காரர் ஒருவரும் வாரக்கணக்கில் சண்டை போட்டார்கள். வேலையற்றவர்கள் என்று சிரித்தேன். கொஞ்ச நாளில் அந்தச் சண்டையில் நானும் இருந்தேன்.

ஆனால் பொழுது போகாமல் மட்டும் நான் அங்கே போகவில்லை. இன்னொரு காரணம் என் அண்ணன்.

எங்கள் ஊர் கடலாடியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மிளகாயும் கருவேல விறகில் கரி சுடும் மூட்டமும் போக அங்கே மூன்றாவது பிழைப்பு பட்டாளம். யாராவது முதல்முறை பட்டாளத்துக்குக் கிளம்பினால் ஊரே பஸ் ஸ்டாப்புக்கு வரும். அவனுடைய கறுப்பு டிரங்குப் பெட்டியை அவன் தூக்கக் கூடாது, அவன் வீட்டாரும் தொடக் கூடாது. பட்டாளத்தில் இருந்த ஒருவர்தான் பஸ் மேலே ஏற்றி வைக்க வேண்டும். ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. போனவன் நல்லபடி திரும்பி வருவான் என்பார்கள்.

அண்ணன் பெட்டியையும் அப்படித்தான் ஏற்றினார்கள். சில மாதங்களில் பயிற்சியின்போது முழங்கால் மூட்டு போய், டாக்டர்கள் பார்த்து, இனி ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்த அன்று அவர் எங்கள் ஸ்டாப்பில் இறங்கவில்லை. முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி, பெட்டியைத் தானே தலையில் வைத்துக்கொண்டு, கருவேலங்காட்டு வழியாக நொண்டி நொண்டி வீடு வந்து சேர்ந்தார்.

அதற்குப் பிறகு அவர் பஸ் ஸ்டாப்பு பக்கமே போவதில்லை. யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் கொடுமை. பட்டாளத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் அய்யா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். மாடு குடித்து முடித்திருந்தாலும் போவார். ஆத்தா அந்தப் பெட்டியில் விதை மிளகாயைப் போட்டு, பெயர் எழுதிய பக்கத்தைச் சுவரோடு திருப்பி வைத்தாள். அங்கே என்ன ஆச்சு என்று அண்ணனைக் கேட்டால், "என்னத்த ஆச்சு" என்பதோடு சரி. அவர் சொல்லாததை அந்தக் கதையாவது சொல்லும் என்று நினைத்தேன்.

கதையின் இரண்டாம் பாகத்தில் முப்பத்தொன்று என்று ஒருவன் வருகிறான். ஓட்டப் பயிற்சியில் விழுந்து இடுப்பு முறிந்து, வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அத்தோடு கதை அவனை மறந்துவிட்டது. விக்கியிலும் அவனுக்குப் பக்கம் இல்லை. நான்தான் தொடங்கினேன்.

சாயங்காலம் அண்ணன் டி.வி.எஸ். வண்டியில் என்னைக் கூப்பிட வருவார். ஒருநாள் தூறல் விழுந்ததால் உள்ளே வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். திரையில் முப்பத்தொன்றின் பக்கம் இருந்தது. யார் இவன் என்றார். கதையைச் சொன்னேன். பக்கத்தின் வலது ஓரத்தில் எண், ஊர், சேர்ந்த அத்தியாயம், நிலை என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் குனிந்து படித்தார்.

"நிலை, மறைவுன்னு போட்டுருக்கு. ஊருக்குப் போனான்னு சொன்ன?"

"ஊருக்குத்தாண்ணே போனான்."

"பெறகு எப்பச் செத்தான்?"

வாயாடி என்று பெயரெடுத்தவள் நான். அன்றைக்கு அந்தக் கட்டத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

நடந்தது இதுதான். நிலை என்ற இடத்தை நான் நிரப்பாமல் விட்டிருந்தேன். நிரப்பாமல் விட்டால் கட்டம் தானாகவே மறைவு என்று போட்டுக்கொள்ளும். மூன்றாம் பாகத்துப் போரில் பாதிப் படை செத்துப்போனபோது, ஒவ்வொன்றாக எழுத அலுத்துப்போய் யாரோ அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். நாமாக நிரப்பலாம் என்றாலும் மூன்றே சொற்கள்தான் இருந்தன: பயிற்சியில், பணியில், மறைவு. வீட்டுக்குப் போனவனை வைக்க அதில் இடம் இல்லை.

வீடு வந்து சேரும்வரை எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யாரோ முகம் தெரியாதவர் சோம்பலில் செய்த காரியம். ஆனால் எங்கள் ஊரும் அண்ணனை அப்படித்தானே வைத்திருந்தது.

மறுநாள் விக்கியின் உரையாடல் பக்கத்தில் எழுதினேன்: நான்காவதாக ஒரு நிலை வேண்டும். கட்டத்தின் வார்ப்புருவை மாற்றினால் எல்லாப் பக்கங்களிலும் மாறும். அதனால் நிர்வாகி மட்டுமே அதில் கை வைக்க முடியும். நிர்வாகி அந்த டொரண்டோக்காரர்தான். மரியாதையாகவே பதில் சொன்னார். ஒரு சின்னப் பாத்திரத்துக்காக வார்ப்புருவை மாற்ற வேண்டியதில்லை, அந்தப் பக்கத்தையே நீக்கிவிடலாம், ஒரு வாரம் எல்லோரிடமும் கருத்துக் கேட்போம் என்றார். கதையை எழுதியவரோ, விக்கியில் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று முன்பே சொல்லியிருந்தார். 'சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான்' என்று எழுதினேன். இன்னொரு முறை இப்படி எழுதினால் கணக்கை முடக்குவோம் என்று எச்சரிக்கை வந்தது.

அந்த வாரம் முழுக்க அண்ணன் சாயங்காலம் வந்ததும், "இருக்கானா?" என்று மட்டும் கேட்பார். இருக்கான் என்பேன். வண்டியை எடுப்பார். அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டால் அவரிடம் என்ன சொல்வது என்று எனக்குப் பயமாக இருந்தது.

வாயைக் குறைத்துக்கொண்டு இரண்டாம் பாகத்தை மறுபடி படித்தேன். அந்தப் படையில் யாராவது செத்துப்போனால் அவன் கட்டிலில் தொப்பியைக் கவிழ்த்து வைப்பார்கள். பல அத்தியாயங்களில் அது வருகிறது. முப்பத்தொன்று போன அன்றைக்கு அவன் கட்டிலில் சுருட்டிய மெத்தை மட்டும் இருந்ததாகவும் தொப்பி இல்லை என்றும் ஒரே ஒரு வரி இருந்தது. நாங்கள் எல்லோரும் அதைத் தாண்டி ஓடியிருக்கிறோம். அண்ணன் வந்ததும் அந்த வரியைக் காட்டினேன்.

அவர் மெதுவாகப் படித்தார். பிறகு பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு மெத்தையைச் சுருட்டக் குனிய முடியல" என்றார். "பக்கத்துக் கட்டில்ல ஒரு தெலுங்குக்காரன். வெளியில பரேடு நடக்குது. காய்ச்சல்னு பொய் சொல்லிட்டு உள்ள வந்து அவன்தேன் சுருட்டிக் கட்டுனான். கெளம்பும்போது அவன் சோப்பு டப்பாவ எம் பொட்டிக்குள்ள போட்டான். குடுக்கறதுக்கு அவன்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

வந்த நாளிலிருந்து அந்த இடத்தைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு அது. ரிசல்ட் பார்க்க வந்தவரை அப்புறம் வாங்க என்று அனுப்பிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

தெலுங்குக்காரரை விக்கியில் எழுத வழியில்லை, எழுதவும் மனமில்லை. தொப்பி வரியை மட்டும் அத்தியாய எண்ணோடு உரையாடல் பக்கத்தில் எடுத்துப் போட்டேன். சிங்கப்பூர்க்காரர் முதலில் வந்தார். அப்படிப் பார்த்தால் ஒன்பது என்ற எண்காரனும் சாகவில்லையே, அவனும் வீட்டுக்குத்தானே போனான் என்று எழுதினார். பிறகு ஆளாளுக்குத் தேட ஆரம்பித்தார்கள். கட்டம் கொன்றுபோட்டவர்களில் இன்னும் சிலர் உயிரோடு கிடைத்தார்கள். நிர்வாகியே ஒருவனைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். சரி, நான்காவது நிலைக்கு என்ன சொல் போடலாம் என்று அவரே கேட்டார். விலக்கப்பட்டவர் என்றார் ஒருவர். தகுதி இழந்தவர் என்றார் இன்னொருவர்.

அன்றைக்கு வண்டியில் வரும்போது அண்ணனிடம் சொன்னேன். வீட்டு வேலிப்படலைத் திறக்கும்போதுதான் வாய் திறந்தார்.

"ஏத்தா, ஊர் திரும்பினார்னு போடச் சொல்லு."

அப்படியே போட்டார்கள். மறுநாள் அண்ணன் வந்து பார்த்தார். "ஊர்ல இப்ப என்ன செய்யிறான்னு எழுதக் கூடாதோ?" என்றார். கதையில் இல்லையே என்றேன். "அதுவும் சரிதேன். அது அவன் பாடு" என்று சிரித்தார்.

அடுத்த வருஷம் மிளகாய்ப் பறிப்பு நடந்துகொண்டிருந்த நேரம், எங்கள் தெருப் பையன் ஒருவன் பட்டாளத்துக்குக் கிளம்பினான். வழக்கமாகப் பெட்டி ஏற்றும் பட்டாளத்துப் பென்ஷன்காரர் திதி கொடுக்க ராமேஸ்வரம் போனவர் இன்னும் திரும்பவில்லை. லீவில் வந்திருந்தவர்களும் யாரும் இல்லை. மாலையும் கையுமாக ஊர் நிற்க, பஸ் வந்துவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார். பெட்டி புழுதியில் கிடந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணன் வந்தார். மிளகாய்க் காட்டிலிருந்து அப்படியே வந்திருந்தார், கையெல்லாம் மிளகாய்க் காந்தல். பெட்டியின் பிடியில் கை வைத்ததும் பையனின் அம்மா குறுக்கே கை நீட்டினார்.

"தம்பி, பட்டாளத்துல இருந்தவுகதேன் தூக்கணும்..."

"இருந்தவன்தேன் மதினி. இருந்துட்டு ஊர் திரும்புனவன்."

அந்த அம்மா கையை எடுத்து வழிவிட்டார். அண்ணன் பெட்டியைத் தலையில் வைத்து, பஸ் பின்னால் இருந்த ஏணியில் ஒவ்வொரு படிக்கும் நல்ல காலை முதலில் வைத்து ஏறினார். அய்யா கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். அன்றைக்கு அவர் மாட்டைத் தேடிப் போகவில்லை.

அண்ணன் பெட்டியைக் கட்டிவிட்டு இறங்கி வந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பையனின் தோளைத் தட்டினார்.

"ஏலே, நல்லபடியாப் போயிட்டு வா. ஏலாமப் போச்சுன்னா இதே ஸ்டாப்புல வந்து எறங்கு, முந்துன ஸ்டாப்புல எறங்கிராத. பொட்டிய நான் வந்து எறக்கித் தாரேன்."