கோணல் தொப்பிக்காரர்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் என் மாமனார் கேட்டைத் திறப்பார். உடனே உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வரும். "ஏங்க, நில்லுங்க! தொப்பி கோணலா இருக்கு." அவர் நிற்பார். தோளில் மடக்கு நாற்காலி, ஒரு கையில் வண்ணப் பெட்டி, இன்னொரு கையில் இரண்டு ஃபிளாஸ்க். கை காலியில்லாத மனிதர், தலையை மட்டும் நீட்டுவார். மாமியார் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்தப் பழைய துணித்தொப்பியை விரல் நுனியால் ஒரு தள்ளு தள்ளி நேராக்கிவிட்டு, "ம், இப்ப போங்க" என்பார். வீட்டு மானமே அந்தத் தொப்பியில்தான் இருக்கிறது என்பது மாமியாரின் கட்சி.

"நீயும் வாயேம்மா" என்று அவர் கூப்பிடுவார். "ஆமா, நான் வந்துட்டா சமையல உங்க மரம் செடியா வந்து பாக்கும்?" என்று பதில் வரும். வாராவாரம் இதே கேள்வி, இதே பதில்.

மற்ற நாட்களில் அவர் ஒரு லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் ஓவியர். ஜன்னல் இல்லாத அறையில், டியூப்லைட் வெளிச்சத்தில், ஜாம் பாட்டிலுக்கும் ஜூஸ் பாட்டிலுக்கும் பழங்கள் வரைவார். முதலாளி எட்டிப் பார்த்து, "பழம் இன்னும் கொஞ்சம் பளபளன்னு இருக்கட்டும்" என்றால் பளபளப்பாக்கிக் கொடுப்பார். "மரத்துல எந்தப் பழமும் இப்படி எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு வந்து தொங்காது மாப்பிள்ளை" என்று என்னிடம் மட்டும் சொல்வார். முதலாளியிடம் மூச்சுவிட மாட்டார். எதிர்த்துப் பேசுவது அவருக்கு வராத கலை. அவர் கோபத்தின் உச்சம் "அட, போங்கப்பா" என்பதோடு சரி.

பெண் பார்க்க நான் முதன்முதலாக அந்த வீட்டுக்குப் போன அன்று, எல்லோரும் கூடத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தோம். "உக்காருங்க மாப்பிள்ளை" என்றார். நான் உட்கார்ந்ததும், "இல்ல, எந்திரிங்க, வெளிய வாங்க" என்று கையைப் பிடித்துக் கொல்லைக்கு அழைத்துப் போய்விட்டார். தனியாக விசாரிக்கப் போகிறார், சம்பளத்தைக் கேட்கப் போகிறார் என்று நான் மனதுக்குள் தயாரானேன். அவர் காட்டியது ஒரு சிலந்தி வலையை. இரவு பெய்த தூறல் அதில் சொட்டுச் சொட்டாக நின்றது. "வெயில் ஏறினா போயிடும். அதான்" என்றார். கூடத்தில் எங்களைக் காணாமல் இரு வீட்டாரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குள் அவருக்கு இருப்புக் கொள்ளாது. சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்கு வந்துவிடுவார். கோடையில் படுக்கை மொட்டைமாடியில். நானோ கொசு, வெயில், ஏற்றம் மூன்றுக்கும் பரம விரோதி. என்னையும் ஒரு ஞாயிறு குன்றின் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். குடை பிடித்தபடி நின்றுகொண்டே மூன்று தடவை கொட்டாவி விட்டேன். அவர் நாற்காலியை விரித்தார், அந்த இடத்தில் எறும்புச் சாரை போவதைப் பார்த்தார், "அவங்க முதல்ல வந்தாங்க" என்று நாற்காலியைத் தூக்கித் தள்ளிப் போட்டார். வரைந்துகொண்டிருந்த புல்வெளியில் ஒரு மாடு வந்து நடுவில் நின்றது. விரட்டட்டுமா என்றேன். "பாவம், மேயட்டும். நமக்கென்ன அவசரம்?" மாடு போகும்வரை தூரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

சூரியன் எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படிதான் உட்காருவார். "குனிஞ்சு குனிஞ்சு லேபிள் வரைஞ்ச முதுகு. இது இலவச ஒத்தடம்" என்பார். ஒரு ஃபிளாஸ்க்கில் டீ, இன்னொன்றில் தூரிகை கழுவத் தண்ணீர். பேச்சு மும்முரத்தில் தூரிகை டீயில் போய் விழும். அதற்கும் அசர மாட்டார். "மண் கலருக்கு டீ அம்சமா வரும் மாப்பிள்ளை" என்று அதையே பூசிவிட்டு மீதியைக் குடிப்பார்.

இந்த டீ சமாசாரம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அவர் படம் ஒவ்வொன்றிலும் கீழே, ஒரு மூலையில் தெரியும் பழுப்புத் திட்டைப் பார்த்து மாமியார் தலையில் அடித்துக்கொள்வார். "இந்தா, இதுலயும் கொட்டிட்டீங்களா!" ஒரு தடவை மாமனார், "அது டீ இல்லம்மா…" என்று ஆரம்பித்தார். "டீ இல்லாம, காப்பியா?" என்றார் மாமியார். மாமனார் சிரித்துவிட்டு அத்தோடு விட்டுவிட்டார். மாமியார் நேரே ஃப்ரேம் கடைக்குப் போய், படத்தைச் சுற்றி வைக்கிற வெள்ளை அட்டையைக் கீழ்ப்பக்கம் அகலமாக வெட்டச் சொல்லி, கறை வெளியே தெரியாமல் மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். கூடம் முழுக்க அப்படித்தான் ஆறும் குன்றும் ஏரியும் தொங்கின.

போன வருடம் மாமனார் இறந்துபோனார். சின்னக் காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஜன்னலோரக் கட்டில் கேட்டு வாங்கிக்கொண்டு, அங்கிருந்து தெரிந்த ஒற்றை மரத்தை மாத்திரை அட்டையின் பின்னால் வரைந்துகொண்டே போய்விட்டார். எனக்கு அப்பா இல்லை. அந்த இடத்தில் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருந்தவர் அவர் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரே ஒரு பிரச்சினை. சுவரில் மாட்ட அவர் முகம் உள்ள படம் ஒன்றுகூட இல்லை. ஊர் உலகத்தையெல்லாம் வரைந்த மனிதர் தன்னை வரைந்துகொள்ளவில்லை. குடும்பப் போட்டோக்களில் கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவரே. எங்கள் கல்யாணப் போட்டோவில் கண்ணை மூடியிருக்கிறார். மிச்சம் இருந்தது கம்பெனி அடையாள அட்டைப் படம்தான். அதைப் பெரிதாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மாமியார் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இது யாரோ பேங்க் மேனேஜர். நம்ம வீட்டு ஆளு இல்ல." கூடத்துச் சுவரில் அவருக்காக அடித்த ஆணி சும்மாவே இருந்தது. மாமியார் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார். அதைப் பார்க்கத்தான் என் மனைவிக்கும் எனக்கும் தாங்கவில்லை.

மழைக்காலத்தில் சுவரில் ஈரம் ஏறி, குன்றுப் படத்தின் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்தது. மாமியாரும் நானும் அதை ஃப்ரேம் கடைக்கு எடுத்துப் போனோம். கடைக்காரர் பின்பக்க ஆணிகளைப் பிடுங்கினார், கண்ணாடியை எடுத்தார், ஊறிப்போன வெள்ளை அட்டையை உரித்தார். "படத்துக்கு ஒண்ணும் ஆகலைங்கம்மா. புது அட்டை போட்டு, இந்தக் கறைய பழையபடி மறைச்சிடறேன்" என்றார்.

மாமியார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"கறையா இது? நல்லாப் பாருங்க. தொப்பி."

பார்த்தேன். புல்லின் மேல் நீளமாக விழுந்திருந்தது ஒரு நிழல். மடக்கு நாற்காலியின் கால்கள், வளைந்த முதுகு, மேலே தொப்பி. சூரியன் முதுகில் அடித்தால் நிழல் முன்னால் விழாமல் என்ன செய்யும்? கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் வரைகிறவர் அதையும் வரைந்திருக்கிறார். டீயைத் தொட்டுத்தான் வரைந்திருக்கிறார், அதில் மாமியார் சொன்னது சரிதான். பக்கத்தில் குடை பிடித்த ஒரு தடித்த நிழல் வேறு நின்றது. "இது யாரு சார், தூணு மாதிரி?" என்றார் கடைக்காரர். நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கூடத்துப் படங்களையெல்லாம் இறக்கினோம். என் மனைவி ஸ்க்ரூடிரைவரோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொன்றின் அட்டைக்குப் பின்னாலும் அவர் இருந்தார். ஆற்றங்கரையில் இருந்தார், ஏரிக்கரையில் இருந்தார். ஒன்றில் அவர் தோள்மேல் ஒரு சின்ன நிழல், இரண்டு பக்கமும் ஜடை. "அது நான்! என்னத் தூக்கிட்டே வரைஞ்சிருக்காரு!" என்று என் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

மாமியாருக்கோ வேறு கவலை. படங்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார். முகம் சிவந்தது. "பாருங்க மாப்பிள்ளை இந்த மனுஷன் பண்ணின வேலைய! வாராவாரம் நான் நேராக்கி அனுப்பறேன். தெருமுனை தாண்டினதும் திருப்பிக் கோணலாக்கிட்டுப் போயிருக்காரு! ஒண்ணுலயாவது நேரா இருக்கா?" எதிர்த்தே பேசத் தெரியாதவர் என்று நாங்கள் நினைத்திருந்த மனிதர். நாங்கள் மூன்று பேரும் அடக்க முடியாமல் சிரித்தோம்.

குன்றுப் படம் அட்டை இல்லாமல், முழுசாகத் திரும்பி வந்தது. அந்தச் சும்மா கிடந்த ஆணியில் மாட்டினேன். மாமியார் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். எட்ட நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார். பிறகு கையை உயர்த்தி, கண்ணாடிக்கு மேலேயே, விரல் நுனியால் அந்தத் தொப்பியை மெல்ல ஒரு தள்ளு தள்ளினார்.