வானிலைக்கு மட்டும் வந்த கரகரப்பு

போன வாரம் தொண்டிக்குப் போயிருந்தேன். கல்யாணமா, காதுகுத்தா என்று கேட்காதீர்கள். ஒரு ரேடியோவுக்கு உடம்பு சரியில்லை.

வால்வு செட்டைக் கண்டால் கழற்றிப் பார்க்கிற பைத்தியம் எனக்கு உண்டு என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். கழற்றியதை எல்லாம் திரும்ப மாட்டினேனா என்பது வேறு விஷயம்... அது கிடக்கட்டும். கூப்பிட்டவர் சாகுல், என் காலேஜ் சிநேகிதர். தொண்டியில் கூரை ஓட்டு வியாபாரம்.

"செட்டு நல்லாத்தான் பேசுது. செய்தி முடிஞ்சு வானிலை சொல்ல ஆரம்பிச்சதும் கரகரன்னுது" என்றார்.

எந்த ரேடியோவாவது நிகழ்ச்சி பார்த்துக் கெடுமா? நான் சிரித்தேன். சாகுல் சிரிக்கவில்லை.

அவர் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. அவருடைய தங்கை ஆயிஷாவின் கணவர் தோணித் தண்டல் — பாய்மரத் தோணியை நடத்திப் போகிற தலைவர். ஓடு ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போயிருக்கிறார். இந்த வருஷத்துக்கு அதுதான் கடைசி நடை. ஐப்பசி பிறந்துவிட்டது, வாடைக்காற்று எந்த நேரமும் கிளம்பலாம், அவரும் எந்த நேரமும் அங்கிருந்து கிளம்பலாம். இரண்டும் ஒன்றாகக் கிளம்பிவிடக் கூடாது என்பதுதான் வீட்டின் கவலை.

புயல் வருகிறது என்று தெரிந்தால் ஒரு தந்தி போதும், தோணியை அங்கேயே நிறுத்திவிடலாம். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினாலும் அந்தச் சேதி பஸ் ஏறித் தொண்டிக்கு வர மறுநாளாகும். ஆகவே நம்பிக்கை முழுதும் ரேடியோ மேல். அதுவோ சரியாக அந்த இடத்தில் கழுத்தறுக்கிறது.

ராமநாதபுரத்திலிருந்து ரிப்பேர்காரர் வந்து பார்த்திருக்கிறார். வால்வை மாற்றினார். கூரைமேல் ஏறி ஏரியலைப் புதிதாகக் கட்டினார். செட் கணீரென்று பேசியது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். அன்று மாலை வானிலை — கரகர.

உப்புக்காற்று என்றார் ஒருவர். கண்ணூறு என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டில் ரேடியோ இல்லையே, அந்த வயிற்றெரிச்சல் என்றும் ஒரு கட்சி. நம் ஊரில் வைத்தியத்துக்கா பஞ்சம்?

மாலை ஆனது. கரண்ட் வராத தெரு, பேட்டரி செட். பேட்டரி தீர்ந்துவிடும் என்று மாலைச் செய்திக்கு மட்டும்தான் திறப்பார்கள். நானும் சாகுலும் கூடத்தில் உட்கார்ந்தோம். பெண்கள் திரைக்கு அந்தப் பக்கம். செய்தி தெளிவாக வந்தது. அரிசி விலை, மந்திரி சுற்றுப்பயணம், எல்லாம் சுத்தம். "இனி வானிலை..." என்றார் வாசித்தவர்.

கர்ர்... கர்ர்... கர்ர்...

விட்டு விட்டு வந்தது. சீரான இடைவெளி. வானத்து இடி மின்னலால் வருகிற கரகரப்பு இப்படித் தாளம் போடாதே? செட்டின் பின்னாலிருந்து ஜன்னல் வழியே வெளியே போன எர்த்துக் கம்பியைப் பிடித்தேன். கையில் துடித்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கர்ர்.

"இந்தக் கம்பி எங்கே போகிறது?" என்றேன்.

கொல்லையில் இருக்கிற அடிபம்புக்கு என்றார் சாகுல், கொஞ்சம் பெருமையாகவே. தொண்டி மணலில் புதைத்த கம்பிக்கு ஈரம் நிற்காது. தண்ணீர்வரை இறங்கிய இரும்பு வீட்டில் அது ஒன்றுதான் என்று அவரே கட்டியிருக்கிறார். யோசனை நல்லதுதான். ஆனால் பம்பை அடிக்க அடிக்கக் கட்டு தளர்ந்துவிட்டது. அடிக்கும்போதெல்லாம் அசைகிறது, அசையும்போதெல்லாம் செட் கரகரக்கிறது. ரிப்பேர்காரர் வந்தபோது ஏன் அகப்படவில்லை? அந்நிய ஆண் கூரைமேல் ஏறுகிறார் என்று பெண்கள் கொல்லையை விட்டு உள்ளே போய்விட்டார்கள். பம்பு சும்மா இருந்தது.

இந்நேரம் தண்ணீர் அடிப்பது யார் என்று சாகுல் குரல் கொடுத்தார். திரைக்குப் பின்னாலிருந்து ஆயிஷாவின் குரல். அந்தி நேர மஃரிபுத் தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒளு செய்வதாகச் சொன்னது.

"பாங்கு சொல்ல இன்னும் நேரம் கெடக்கே?" என்றார் சாகுல்.

அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுகிற அந்தக் குரல் தணிந்து வந்தது.

"வானிலைன்னு சொன்னாலே எனக்கு இங்கன நிக்க ஏலல காக்கா. என்னத்தச் சொல்லிருவானோன்னு இருக்கு. தண்ணி அடிச்சா அந்தச் சத்தத்துல ஒண்ணும் காதுல விழாது."

 எனக்கு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. தன் காதில் விழக்கூடாது என்று அந்தப் பெண் அடித்த பம்பு, யார் காதிலும் விழாமல் செய்துகொண்டிருந்திருக்கிறது. டாக்டர் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பி வருகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? பரீட்சை ரிசல்ட் வருகிற அன்று பேப்பரை மடித்து வைக்கிற அப்பாக்கள்? நமக்கெல்லாம் ஆளுக்கொரு அடிபம்பு உண்டு.

மறுநாள் சுவரோரம் குழி வெட்டி, ஈரம் நிற்கக் கரியும் உப்பும் போட்டு, ஒரு செம்புத் தகட்டைப் புதைத்து, கம்பியை அதில் கட்டினோம். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். மாலையில் வானிலை கண்ணாடி மாதிரி வந்தது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, கடலுக்கு யாரும் போக வேண்டாம் என்று.

சாகுல் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். தபாலாபீஸ் மூடியிருக்க, போஸ்ட் மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டி அவசரத் தந்தி கொடுத்துவிட்டு வந்தார். அவர் வரும்வரை கொல்லையில் பம்புச் சத்தம் நிற்கவே இல்லை. தொட்டி நிரம்பி வழிந்திருக்கும்.

அடுத்த நாள் மதியம் பதில் வந்தது. தோணி இன்னும் புறப்படவில்லை, காற்று அடங்கிய பிறகுதான் புறப்படும். சாகுல் திரையருகே நின்று வாசித்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் கேட்டது.

அன்று மாலை மறுபடி செய்தி. "இனி வானிலை..." நானும் சாகுலும் காதைத் தீட்டிக்கொண்டது ரேடியோவுக்கு அல்ல, கொல்லைக்கு. பம்புச் சத்தம் இல்லை. திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் அசையாமல் நின்றன. புயல் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது — வாசித்தவர் முடிக்கிறவரை அவை நகரவில்லை.

பிறகு பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். கொல்லையில் பம்பு சத்தம் போட்டது.

அன்றைக்கு அது ஒளு செய்ய மட்டும்தான்.