சுவரில் இருந்த லைசென்ஸும் குப்பியில் இல்லாத அனுமதியும்

நேற்று தென்காசியில் ஒரு கிளினிக்குக்கு அம்மாவுக்கு முழங்கால் ஊசி போடப் போனோம். போடாமல் திரும்பினோம்.

(வீட்டு விஷயம் எழுதுவது என் வழக்கமில்லை. அம்மாவே எழுதச் சொன்னார்.)

அம்மா ஓய்வு பெற்ற போலீஸ் ஏட்டம்மா. குற்றால சீசன்களில் பெண்கள் பக்கம் விசிலோடு நின்றவர். யூனிஃபார்மில் இருந்தவரை அருவியில் குளித்ததில்லை. ரிட்டயர் ஆனதும் ஆசைதீரக் குளிக்கலாம் என்றிருந்தார். இப்போது ஈரப் பாறையில் கால் ஊன்ற முடியவில்லை. ஆபரேஷன் என்றால் பயம்.

கிளினிக்கில் சொன்னது எக்ஸோசோம் ஊசி.

இதைப் பற்றி நான் கொஞ்சம் படித்திருக்கிறேன். உடம்பில் செலுத்தும் ஸ்டெம் செல்களில் பல சீக்கிரமே மறைந்துவிடுகின்றன. ஆனாலும் சில இடங்களில் பலன் தெரிகிறது. காரணம், அவை வெளிவிடும் மிகச் சிறிய பொட்டலங்களாக இருக்கலாம். எக்ஸோசோம் என்பது அவற்றைத்தான். பக்கத்துச் செல்களுக்குப் பழுதுபார்க்கச் சொல்லும் செய்தி அவற்றில் இருக்கிறது.

அப்படியானால் செல்லே வேண்டாம், பொட்டலம் மட்டும் போதுமே?

அழகான யோசனை. நாளைய மருத்துவம் இந்தப் பக்கம் போகும் என்று நானும் நம்புகிறேன். ஆனால் எவ்வளவு கொடுப்பது, ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் எப்படித் தயாரிப்பது என்பதெல்லாம் இன்னும் முடிவாகவில்லை.

அம்மா போன வாரமே தனியாகப் போய் விசாரித்து வந்திருந்தார்.

"எல்லாம் பாத்துட்டேன்ட்டி. டாக்டர் ரிஜிஸ்ட்ரேஷன், கிளினிக் லைசென்ஸ், ஃபயர் சர்டிஃபிகேட், எல்லாம் கரெக்ட்டா மாட்டிருக்கு."

(லாட்ஜ் சோதனைக்குப் போன பழக்கம். எங்கே நுழைந்தாலும் முதலில் சுவரைத்தான் பார்ப்பார்.)

"மருந்துக்கு அனுமதி இருக்காம்மா?"

"டாக்டருக்கு இருக்குல்லா? பெறவு மருந்துக்கு எதுக்குத் தனியா?"

நேற்று டாக்டர் குப்பியை எடுத்ததும் வாங்கிப் பார்த்தேன். ஒரு பெயர், ஒரு எண். வேறொன்றும் இல்லை.

"முழங்காலுக்கு அனுமதி வாங்கின மருந்தா டாக்டர்?"

"ரொம்பப் புது சயின்ஸ்மா. அனுமதி ப்ராசஸ்ல இருக்கு."

அம்மா நிமிர்ந்தார். "அதை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க சார்."

"அப்படியெல்லாம் எழுதித் தர மாட்டோம்மா. ஒரு நம்பிக்கைதான்."

"நான் கையெழுத்துப் போட ரெண்டு பக்கம் குடுத்திருக்கீயளே. உங்க பங்குக்கு ஒரு வரி கேக்கேன்."

டாக்டர் என் கையிலிருந்து குப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அம்மா மேஜையைப் பிடித்து மெதுவாக எழுந்தார்.

ஆட்டோவில் கோபமெல்லாம் என் மேல்தான்.

"நீ வாய மூடிட்டு இருந்தா போட்டிருப்பேன். ஒருவேளை சரியாயிருக்கும்லா?"

ஆகாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆகியிருக்கலாம். அதுதான் சங்கடம்.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டார். "இது ஒழுங்கா எப்ப வரும்ட்டி?"

"தெரியலம்மா. முறையா ஆய்வு நடந்து முடியணும்."

"ஆளுகளை வச்சுத்தானே செய்வாவ?"

"ஆமா. எல்லாத்தையும் எழுத்துல குடுத்து, சம்மதம் கேட்டு."

"அப்ப என் பேரக் குடு."

"பலன் நிச்சயமில்லம்மா. ஒப்பிட்டுப் பாக்க சில பேருக்கு மருந்தில்லாம வெறும் உப்புத் தண்ணிகூடப் போடுவாங்க."

"அதையும் முன்னாலயே சொல்லிருதாவல்லா? அது போதும்."

அதனால்தான் இந்தப் பதிவு. மூட்டுத் தேய்மானத்துக்கு முறையான மருத்துவ ஆய்வு எங்காவது நடப்பது தெரிந்தால் சொல்லுங்கள்.

ஆள் தயார். ஒன்று மட்டும்: நிறையக் கேள்வி கேட்பார்.