ஃபைன் கட்டிட்டா முடிஞ்சுதுன்னான்

இத எழுத வேணாம்னுதான் இருந்தேன். நான் ஒண்ணும் படிச்சுக் கிழிச்சவன் இல்ல. ஒம்பதாவதுல வாத்தியாரும் நானும் பேசி வச்ச மாதிரி ஒருத்தர ஒருத்தர் விட்டுட்டோம். அதுவும் இல்லாம மதியானம் சாப்ட்டா தூக்கம் வருது. ஆனா மரக்காணத்துல டீக்கடைக்கு டீக்கட என் கத வேற வேற மாதிரி ஓடுது. ஒரு கடையில நான் லாரிய ஏத்தி எருமையக் கொன்னுட்டேன். இன்னொரு கடையில ஜெயில்ல களி தின்னு குண்டாயிட்டு வந்தேன். எருமைக்கு சொந்தக்காரன் எவனாவது கெளம்பி வர்றதுக்குள்ள நானே சொல்லிட்றது நல்லது.

நடந்தது இவ்ளோதான். ஒரு ஞாயித்துக்கெழம நானும் ஃப்ரெண்டும் பாண்டி பக்கம் போய் பீர் அடிச்சுட்டு, சாயங்காலம் ஈசிஆர்ல திரும்பி வந்தோம். பைக் ஓட்டுனது நான். பின்னாடி உக்காந்து கம்முனு வராம "ஓரமாப் போடா, நடுவுல போடா"ன்னு ஸ்டீயரிங் இல்லாத வண்டிக்கு ஸ்டீயரிங் புடிச்சது அவன். ஒரு வளைவுல போலீஸ் கை காட்டிச்சு. ஒருத்தர் சின்ன மிஷின் ஒண்ண வாய்கிட்ட நீட்டி, "ஊது"ன்னாரு.

"யாருக்கு சார் பொறந்த நாளு?"

"உனக்குத்தான். ஊது."

ஊதினேன். மிஷின் கீன்னு கத்திச்சு. எங்க ஃப்ரெண்டு பின்னாடிலேந்து தலைய நீட்டி, "சார், நானும் ஒரு தபா ஊதட்டுமா?"ன்னான்.

"நீ ஓட்டல. வீட்டுக்குப் போய் எவ்ளோ வேணா ஊதிக்கோ."

வண்டி ஸ்டேஷனுக்குப் போச்சு, நாங்க பஸ்ல வந்தோம். பஸ்லயே அவன் அட்வைஸ ஆரம்பிச்சுட்டான். அவன் ஒரு தபா ஹெல்மெட் போடாம மாட்டி ஃபைன் கட்டினவன். அதுலேந்து சட்டம் படிச்ச மாதிரிதான் பேசுவான். "கோர்ட்ல கேப்பாங்க, ஒத்துக்கோ. ஃபைன் கட்டு, ரசீது வாங்கு, கெளம்பு. முடிஞ்சுது மச்சான். ஹெல்மெட் மாதிரிதான்."

கோர்ட் வாசல்ல வரிசையில நிக்கிறப்ப பக்கத்துல இருந்த ஏட்டய்யா பெருமூச்சு விட்டாரு. "உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆவணும், தம்பி."

"எங்க ஊரே உப்பளம் சார். எல்லாரும் தின்றோம். தண்ணி அடிச்சா மட்டும் புடிக்கிறீங்களே, இது என்ன சார் நியாயம்?"

அவரு செவுத்தப் பாத்து திரும்பிக்கிட்டாரு. முதுகு மட்டும் குலுங்குச்சு.

உள்ள போனேன். குத்தத்த ஒத்துக்கிறியான்னு கேட்டாங்க. ஸ்கூல்ல அட்டெண்டன்ஸுக்கு உள்ளேன் ஐயா சொல்ற மாதிரி, கேட்டு முடிக்கறதுக்குள்ள "ஒத்துக்கறேங்கய்யா"ன்னேன். ஃபைன் கட்டினேன், ரசீது வாங்கினேன். வெளிய வந்து ஃப்ரெண்டுக்கு ஃபோன் போட்டு, "முடிஞ்சுது மச்சான்"னேன். "நான்தான் சொன்னேனே"ன்னான்.

அப்புறம்தான் ஆரம்பிச்சுது.

மொதல்ல லைசென்ஸ முடக்கி வச்சாங்க. நான் அப்ப மினி வேன்ல உப்பு மூட்ட ஏத்திக்கிட்டு திண்டிவனம் போயிட்டு வந்துட்டிருந்தேன். ஓனரு சாவிய வாங்கி பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு. "உன் கையில வண்டி குடுத்தா என்னத் தூக்கி உள்ள வப்பாங்கப்பா." ஓட்டறதத் தவிர எனக்கு வேற வேல தெரியாது. உப்பளத்துல உப்புக் கூட சுமக்கப் போனேன். அதே உப்புதான். முன்ன எனக்குப் பின்னாடி உக்காந்துகிட்டு வந்துச்சு, இப்ப தலமேல ஏறி உக்காந்துடுச்சு. கூடையிலேந்து ஒழுவுற தண்ணி கண்ணுல பட்டா என்னா எரிச்சல். பாக்கறவன் எல்லாம் நான் திருந்தி அழுவறேன்னு நெனச்சுக்கிட்டான்.

எங்க வண்டி தங்கச்சி கைக்குப் போச்சு. நான் பின்னாடி. "அண்ணே, கால அகட்டாத, பேலன்ஸ் போவுது"ன்னு நடு ரோட்ல கத்துவா. பக்கத்து வீட்ல ஒரு கொழந்தைக்குப் பொறந்த நாளு, பலூன் ஊதலாம்னு கையில எடுத்தேன். "அத அவன்கிட்ட குடுக்காதீங்க, பலூன் தள்ளாடும்"னு எவனோ சொல்ல, ஊதாங்கோல்னு எனக்குப் பேரே வச்சுட்டானுங்க.

எங்கம்மாதான் மோசம். சாயங்காலம் வாசப்படியில மறிச்சு "ஊது"ன்னும். ஊதினாத்தான் சோறு. ஜுரத்துல படுத்துக் கெடந்தப்பகூட தலைய தூக்கி ஊத வச்சுட்டுத்தான் கஞ்சிய நீட்டிச்சு. அந்த பீருக்கு அப்புறம் நான் ஒரு சொட்டு தொடல. சொன்னா யாரு நம்பறா?

லைசென்ஸ் ஒரு வழியா திரும்பி வந்துச்சு. அதுக்குள்ள ஓனரு வேற டிரைவர போட்டுட்டாரு. மழ புடிச்சா உப்பளத்துல வேல கெடையாது. அதுக்குள்ள ஒரு வண்டியப் புடிச்சாவணும்னு அலைஞ்சேன். ஆரோவில் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல வேன் டிரைவர் வேல காலின்னு தெரிஞ்சுது. மாசச் சம்பளம், மழைக்கும் நிக்காது. போனேன். மேனேஜர் மேடம் நம்ம வானூர் பக்கத்து ஆளுதான். ஓட்டிக் காட்டச் சொன்னாங்க, ஓட்டினேன். "நல்லா ஓட்டறப்பா"ன்னு சொல்லிட்டு போலீஸ் சர்டிபிகேட் கேட்டாங்க. அதுக்கு எழுதிப்போட்டு வாங்கி, இங்கிலீஷ்ல இருந்தத படிக்காமலே பெருமையா கொண்டு போய் நீட்டினேன்.

படிச்சாங்க. மூஞ்சி மாறிச்சு. "குடிச்சுட்டு ஓட்டி தண்டன ஆயிருக்குதேப்பா?"

"தண்டனையெல்லாம் இல்ல மேடம். ஃபைன்தான் கட்டினேன். அது முடிஞ்சுது."

"ஃபைனும் தண்டனதாம்பா. நீ ஒத்துக்கிட்ட, கோர்ட் தண்டிச்சுது. அது எங்க முடியும்?"

ஹெல்மெட் மாதிரிதான்னானே பாவி! நான் நின்ன நெலையப் பாத்து மேடத்துக்கே பாவமா இருந்துச்சு போல. "நாளைக்குக் காலையில வா. இங்க மிஷின் இருக்குது. ஊதிக் காட்டு, அப்புறம் பாக்கலாம்"னாங்க.

மறுநாளு குளிச்சு, பட்டன் போட்ட சட்டையெல்லாம் போட்டு கெளம்பறேன், எங்கம்மா கை நெறைய கொய்யா எலையோட நிக்குது. தண்ணி போட்டவன் வாட தெரியக்கூடாதுன்னு கொய்யா எலைய மெல்லுவான். எங்க பக்கம் இது பால் குடிக்கிற கொழந்தைக்கும் தெரியும்.

"நான்தான் குடிக்கலியேம்மா!"

"குடிக்கலடா. ஒருவேள வாட வந்துடுச்சுன்னா?"

"எங்கேந்துமா வரும்?"

"வாயாடாம மெல்லு."

மென்னேன். பஸ்ல போறப்பவும் மென்னேன், பயத்துல.

கெஸ்ட் ஹவுஸ் கேட்ல மேடமும், கிளியனூர்லேந்து வர்ற வாட்ச்மேன் அண்ணனும் நின்னாங்க. ஊதினேன். மிஷின்ல சைபர், முட்ட. இன்னொரு தபா ஊதச் சொன்னாங்க. அதுவும் முட்டதான். என் வாழ்க்கையில முட்ட வாங்கி சந்தோஷப்பட்டது அன்னிக்குத்தான். மேடம் சிரிச்சாங்க. அப்ப பாத்து வாட்ச்மேன் அண்ணன் மூக்க சுருக்கினாரு.

"மேடம், கொய்யா."

"என்னது?"

"கொய்யா எல வாசன. குடிக்காதவன் எதுக்கு மேடம் அத மெல்லப் போறான்? எங்க வீட்டுக் கொய்யா மரத்துல எலையே கெடையாது. என் மச்சான் மென்னே தீத்துட்டான்."

"மிஷின் இல்லன்னு சொல்லுதுண்ணே!"

"மிஷின் கம்பெனில பொறந்துச்சு தம்பி. அதுக்கு கொய்யா தெரியாது."

கடைசியில மேடம் எங்கம்மாவுக்கே ஃபோன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சாங்க.

"அம்மா, உங்க பையன் ராத்திரி குடிச்சிருந்தாரா?"

"ஐயோ, இல்லீங்கம்மா. ஊத வச்சுத்தான் சோறே போட்டேன்."

"அப்புறம் எதுக்கு கொய்யா எல?"

"மிஷின்ல வாய் வைக்கிறான், வாசனையா இருக்கட்டுமேன்னு குடுத்தேங்க."

மேடம் கண்ணாடியக் கழட்டி கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க, அப்டி சிரிப்பு. வாட்ச்மேன் அண்ணன்கூட சிரிச்சாரு. நான் வேன் சாவி வாங்க கையே நீட்டிட்டேன்.

"நீ குடிக்கலன்னு நம்பறம்பா. ஆனா வண்டி குடுக்க முடியாது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இப்டி பேப்பர் இருக்கறவன எப்டி ஓட்ட விட்டன்னு என்னத்தான் கேப்பாங்க."

"லைசென்ஸ் திரும்பி வந்துடுச்சே மேடம்."

"லைசென்ஸ் வந்துச்சு. பேப்பர்ல இருக்கறது போவலியே."

எப்பவும் எதுனா ஒண்ணு வாயில வந்து நிக்கும். அன்னிக்கு கொய்யா எல துணுக்குதான் பல்லுல நின்னுச்சு.

திரும்பி நடந்தவன மேடம் கூப்ட்டாங்க. கேட்ல ஒரு ஆளு வேணுமாம். தெனமும் காலையில டிரைவருங்கள ஊத வச்சு பாத்துட்டு சாவி குடுக்கணும். "ஏமாத்தற வழியெல்லாம் உனக்குத்தான் தெரியும்."

"எனக்கு கொய்யா எல மட்டும்தான் மேடம் தெரியும்."

"அது போதும்."

இப்ப அதான் என் வேல. நான் "ஊதுங்கண்ணே"ன்னா பெரிய பெரிய மீச எல்லாம் குனிஞ்சு ஊதுது. முட்ட வந்தா சாவி குடுப்பேன். குடுக்கறதுக்கு முன்ன ஒரு நிமிஷம் கையில வச்சுக்குவேன். வேன் பாண்டி ரோட்ல திரும்பற வரைக்கும் பாத்துக்கிட்டு நிப்பேன். கியர் மாத்தறது சரியில்லன்னா என் கால்தான் தரையில அமுக்கும்.

மொத நாளே ஃப்ரெண்டுக்கு ஃபோன் போட்டேன். "டேய், கெஸ்ட் ஹவுஸ்ல வேல கெடச்சிடுச்சுடா. குடிக்காதவன்னு மேடமே நம்பி குடுத்த வேல."

"ஃபோன்லயே ஒரு தபா ஊது மச்சான், அப்புறம் நம்பறேன்."