அழுதது வேண்டாம் என்பதற்காக அல்ல

பத்தாவது வரை படித்தவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிற நான் நோயைப் பற்றி எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். இதே வலியோடு யாராவது பல் பிடுங்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், அவர் எழுந்து வரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

திண்டிவனத்தில் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம், கொக்கி வைத்து முடித்துவிட்டு நூலைப் பல்லால் கடித்தேன். காதிலிருந்து மூக்கு வரை வலது கன்னத்தில் கரண்ட் பாய்ந்தது. பத்து எண்ணுவதற்குள் போய்விட்டது. நூல் அறுபடாமல் வாயிலேயே இருந்தது.

பல்வலி என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பல் மருத்துவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். வலி போகவில்லை. அடுத்த மாதம் பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார். தட்டில் கிடந்தபோது பார்த்தேன். இரண்டிலும் சொத்தை இல்லை.

பிறகு எதற்கும் வலித்தது. முகம் கழுவினால், ஆட்டோவில் காற்று பட்டால், பேசினால். அதனால் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். முன்பே அதிகம் பேசாதவள் என்பதால் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு வருடம் கழித்துத்தான் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நரம்பு மருத்துவர் என் கன்னத்தைத் தொட வந்தார். நான் தலையைப் பின்னால் இழுத்தேன்.

“தொடலம்மா. புரிஞ்சிடுச்சு” என்று கையை எடுத்துக்கொண்டார்.

முக்கிளை நரம்பு வலி (முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பில் வரும் வலி) என்று எழுதினார். வலிப்பு நோய்க்குத் தரும் மாத்திரையையே இதற்கும் தருகிறார்கள். முதலில் வலி அதற்குக் கேட்டது. போகப்போக அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. எந்நேரமும் தூக்கக் கலக்கம். ஒரு ஜாக்கெட்டில் இரண்டு கைகளையும் இடம் மாற்றித் தைத்துவிட்டேன். ரத்தத்தில் உப்பு குறைந்து குளியலறையில் விழுந்தேன்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் (காந்தத்தின் உதவியால் உடம்பின் உள்ளே படம் எடுப்பது) எடுக்கும்போது மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். கல்யாணமாகி இருபத்தாறு வருடங்களாகக் கழற்றாதது. திருகு இறுகிப்போயிருந்தது. ஒரு நர்ஸ் சோப்புத் தண்ணீர் விட்டுத் திருகி எடுத்தார். அந்தப் பத்து நிமிடத்தை நான் எழுதப் போவதில்லை. திரும்பப் போட என்னால் முடியவில்லை. வெறும் மூக்கோடு தெருவில் நடந்தேன். கணவன் இருக்கும்போது மூக்குத்தியைக் கழற்றியவளை எங்கள் பக்கத்தில் எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

படத்தைப் பார்த்துவிட்டு மருத்துவர் சொன்னார்: “ஒரு ரத்தக்குழாய் நரம்பு மேல உரசுதும்மா. காதுக்குப் பின்னாடி எலும்புல சின்னதா தெறந்து, ரெண்டுக்கும் நடுவுல பஞ்சு மாதிரி ஒண்ணு வெக்கணும். காது மந்தமாகலாம். மொகம் மரத்துப்போகலாம். வலி திரும்பவும் வரலாம். ஆனா மாத்திரை இனிமே தாங்காது. நீங்க என்ன சொல்றீங்க?”

அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னது என் கணவர். “வூட்ல கலந்துக்கினு சொல்றோம் சார்.” கிளம்பும்போது ஆபரேஷனுக்கு ஒரு தேதியையும் வாங்கிக்கொண்டார்.

என் கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஸ்கேன் எடுத்த எட்டாம் நாள் ஒரு பால் வேன் அவர் ஆட்டோவை உரசியது. முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். கிளியனூரிலிருந்து அவருடைய அக்கா வந்துவிட்டார்.

“மூக்குல இருந்தத கழட்டி எட்டு நாள் ஆவல, இவன் அடிபட்டுக்கினு கெடக்கிறான். இப்ப தாலியையும் கழட்டணுமாம், மண்டைய தொறக்கணுமாம். எதுக்கு? பல்லு வலிக்கு!”

“பல்லு வலி இல்லக்கா, நரம்பு” என்றார் இவர்.

“நீ கம்முனு இரு. ஏம்மா செல்வி, நீ சொல்லு. உனக்கு வேணுமா, வேணாமா?”

நியாயமாகச் சொல்ல வேண்டும், அவர் கேட்டார். எங்கள் குடும்பத்தில் என்னை அப்படிக் கேட்டது அவர் மட்டும்தான். வேணும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். உதடு அசைந்ததும் கரண்ட் பாய்ந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். கண்ணீர் கொட்டியது.

“பாத்தியாடா ஏழுமல? பயந்துக்கினு அவளே அழுவுறா. வேணாம்னு எழுதிக் குடுக்கணுமா?”

என் கணவர் அங்கேயே போனை எடுத்து, தேதி வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டார். நான் அடுத்த வலிக்குப் பயந்து தலையைக்கூட ஆட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

நாலு மாதம் போனது. கேப்பைக் கூழை ஆறவைத்து இடது பக்கமாக விழுங்கினேன். எடை குறைந்தது. உடம்பு இளைத்து அழகாகிவிட்டேன் என்று துணி கொடுக்க வந்தவர்கள் சொன்னார்கள்.

ஒருநாள் அளவு நோட்டில், யாருடைய தோள் அளவுக்கோ கீழே எழுதினேன்: ‘எனக்கு ஆபரேஷன் வேணும். அன்னைக்கு வலியில அழுதேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க.’ காலையில் சாப்பிட உட்கார்ந்தவர் முன்னால் வைத்தேன். இரண்டு தடவை படித்தார். இட்லி ஆறிப்போனது.

“தாலிய கழட்டச் சொன்னா, மஞ்சக் கயிறாவது கட்டிக்கிறியா?” என்றார்.

தலையாட்டினேன். அதற்கும் வலித்தது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது முதலில் நாக்கால் வலது கன்னத்தைத் தள்ளிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் தள்ளினேன். வலது காதில் மட்டும் தூரத்து மோட்டார் போல ஓர் இரைச்சல். அது இன்னும் நிற்கவில்லை. அந்தக் காது இனிக் கேட்காது என்று பிறகு சொன்னார்கள்.

குணமானவள் என்று என்னைச் சொல்லிக்கொள்ள மாட்டேன். இரண்டு நல்ல பற்கள், ஒரு காது, மூன்று வருடங்கள் போயின. அதில் நாலு மாதம் வீணாகப் போனது. அதை நான் மன்னிக்கவில்லை. முன்பு என் பொழுது ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே கிடந்தது. இப்போது முழு நாளும் கிடைக்கிறது. அதை நம்பத் தெரியவில்லை. காற்று வந்தால் கை தானாகக் கன்னத்துக்குப் போகிறது. உங்களுக்கும் முடிவெடுக்கும் நாள் வந்தால், முதல்நாளே காகிதத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.

வீடு திரும்பிய ஒரு மாதத்தில் கிளியனூர் அண்ணி வந்தார். என் வலது பக்கம் உட்கார்ந்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

“முன்ன பேச மாட்டா. இப்ப காதும் கேக்காது. நல்லா கீது போ” என்று இவரிடம் சொல்லிச் சிரித்தார். அது கேட்டது.

“அண்ணி, அன்னைக்கு நான் அழுதது வேணாம்னு இல்லீங்க. வலி” என்றேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “அத வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?”

மறுநாள் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். இரண்டு ஜாக்கெட் வந்திருந்தது. நூலைக் கத்தரியால் வெட்டினேன்.